ஐந்தாம் கியரின் பல்

மூக்கருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததற்கும் அவர் மூக்கின் அளவுக்கும் சம்பந்தமில்லை. கியர்பாக்ஸிலிருந்து வடித்த எண்ணெயை விரலில் தொட்டு மோந்து பார்த்தே, வண்டிக்காரன் யோக்கியனா இல்லையா என்று சொல்லிவிடுவார். யோக்கியன் என்று அவர் வாயால் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒர்க்‌ஷாப்பைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்த பிறகு அந்த மூன்று தடவையின் மேலேயே சந்தேகம் வந்து திரும்பி வருவார்.

அப்படிப்பட்டவரிடம் தங்கை வீட்டுக் கார் ஒரே வருஷத்தில் இரண்டாம் தடவையாக உடைந்த கியர்பாக்ஸோடு வந்து நின்றால் என்ன ஆகும்?

டர்போ வைத்த டீசல் கார் அது. தங்கையின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அளவெடுப்பதும் பொருத்துவதும் எல்லாம் அவரேதான். பூ மாதிரிப் பேசுகிற அந்த மனிதருக்குள் இப்படியொரு ஆசை எங்கே ஒளிந்திருந்ததோ, லேப்டாப்போடு சுற்றுகிற ஒரு ஆளைப் பிடித்து இன்ஜினை டியூன் பண்ணிக்கொண்டார். இழுவை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. கியர்பாக்ஸ் மட்டும் கம்பெனி கொடுத்த பழைய கியர்பாக்ஸ்தான். மூக்கர் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டார். "மாப்ள, பெட்டி தாங்காது. நீங்க பறக்கப் பாக்கறீங்க" என்றார். நேரில் 'நீங்க', முதுகுக்குப் பின்னால் 'அவன்'. அதுதான் அவர் மரியாதையின் அளவு.

"பறக்கல்லாம் மாட்டேன் மச்சான். மேட்டுல திணறாம ஏறினாப் போதும்" என்றார் கண்ணாடிக்காரர்.

முதல் தடவை திறந்தபோது ஐந்தாம் கியரில் இரண்டு பல் போயிருந்தது. ஐந்தாம் கியர் என்றால் வேகம். வேகம் என்றால் ரேஸ். ரேஸ் விடுகிறவன் பொண்டாட்டியிடம் சொல்லிவிட்டா விடுவான்? மூக்கரின் கணக்கு அங்கேயே முடிந்துபோயிற்று. கியரோடு கியர் உரசாமல் சேர்த்துவைக்கிற பித்தளை வளையங்கள் புதுசு மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தன. வெறி பிடித்தவன் கியரைப் போட்டு அடித்திருந்தால் முதலில் தேய்வது அவைதான். அவரிடம் தொழில் பழகியவன் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் காதைத் திருகியிருப்பார். அவரோ அந்த வளையங்களைத் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டு, மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்.

வேறு கியர் போட்டு அனுப்பும்போது ஒரு காரியம் செய்தார். டேஷ்போர்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியைச் செருகிவிட்டார். கார் எப்போது கிளம்பியது, என்ன வேகம், இன்ஜின் எத்தனை சுற்று, ஆக்சிலேட்டர் மிதி எவ்வளவு அழுந்தியது, எல்லாம் அதில் பதிவாகும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கருவியை விற்றவன் சொன்னதில் மூக்கருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஐந்து மாதத்தில் காரை மறுபடியும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கருவியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம். அதற்குப் பொறுமை யாருக்கு இருக்கிறது? அன்று மாலையே தங்கையைக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரன் உனக்குத் தெரியாம ரேஸ் விடறான்" என்றார்.

தங்கை மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் ஊசி போடாதவள். "அவரா? நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில்தான் மூக்கருக்குப் புத்தி கெட்டது. நடந்தது நிச்சயம், பார்த்தால் என்ன பார்க்காவிட்டால் என்ன என்று நினைத்தார். "பைபாஸ்ல, போன ஞாயித்துக்கிழமை. என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டாள். கண்ணாடிக்காரர் போகவில்லை என்றார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள், அவரும் அதே பதிலையே சொன்னார். காரைவிட அந்தப் பொய்தான் அவளுக்கு ஆறவில்லை. இதில் பொய் சொல்கிறவர் வேறு எதிலெல்லாம் சொல்லியிருப்பார்? ஒரு பையில் நாலு துணியை அடைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏழு வருஷக் குடித்தனம் ஒரு கியர்பாக்ஸில் வந்து நின்றது.

நான்காம் நாள் மத்தியானம் மூக்கர் ஒர்க்‌ஷாப் மேஜையில் கருவியை லேப்டாப்பில் மாட்டினார். தீர்ப்பைச் சொல்லிவிட்டு இப்போதுதான் சாட்சியைக் கூப்பிடுகிறார்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடினார். அன்றைக்குப் பதிவே இல்லை. கார் சாவியே போடப்படவில்லை.

கருவி கெட்டுவிட்டதோ என்று கருவியைச் சந்தேகப்பட்டார். பிறகு மற்ற ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தார். எண்பதைத் தாண்டிய நாள் ஒன்றுகூட இல்லை. மேடு வந்தால் கியரைக் குறைத்து, இன்ஜின் சுற்றை ஏற்றி, பதமாக ஓட்டிய ஓட்டம். மூக்கரே ஓட்டினாலும் அப்படித்தான் ஓட்டியிருப்பார்.

அடுத்தது வாரநாட்கள். காலை ஐந்தே முக்கால், தினமும். கண்ணாடிக் கடை திறப்பது பத்து மணிக்கு. மலைப்பாதை, வேகம் நாற்பத்தைந்து, ஐந்தாம் கியர். இன்ஜின் ஆயிரத்து நானூறு சுற்றில் முனகிக்கொண்டிருக்க, மிதி மட்டும் அடிவரை அழுந்தியிருந்தது. கிலோமீட்டர் கணக்கில் அப்படியே போயிருந்தது.

அது தங்கை மலை ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போகிற நேரம். மூக்கர் நாற்காலியில் சாய்ந்தார். டியூன் பண்ணிய டீசல் இன்ஜின் அந்தக் குறைந்த சுற்றில்தான் முழு பலத்தையும் காட்டும். உயர்ந்த கியரில் வைத்துக்கொண்டு மேட்டில் மிதித்தால், ஒவ்வொரு வெடிப்பும் சம்மட்டி அடியாகப் பல்லில் இறங்கும். வேகமே வேண்டாம், மெதுவாகப் போயே உடைத்துவிடலாம். ஓட்டுகிறவளுக்கு ஒரு சத்தமும் கேட்காது.

சத்தம் கேட்கக்கூடாது என்று அவளுக்குச் சொன்னதே அவர்தான். பதினெட்டு வயதில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "சத்தம் ஏறினா வண்டி அழுவுதுன்னு அர்த்தம். சட்டுனு மேல் கியருக்குப் போயிடு" என்று பாடம் எடுத்தவர் சாட்சாத் மூக்கர். அந்தக் காலத்து நோஞ்சான் வண்டிக்கு அது சரி. தங்கை அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

பதிவை அழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விரல் அந்தப் பொத்தான்வரைக்கும் போனது. வெட்கம் பிடுங்கித் தின்ன, விரலை இழுத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் போன் பண்ணினார்.

தங்கை டூட்டி உடுப்போடு முதலில் வந்தாள். மூக்கர் திரையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் பதிவை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை பார்த்தாள். "அவரு ஒரு தடவை பக்கத்துல உக்காந்து சொன்னாரு, கியரைக் குறைன்னு. எங்கண்ணன் மெக்கானிக்கு, நீங்க கண்ணாடி விக்கறவருன்னு வாயை அடைச்சேன்."

"தப்பு என்னோடதும்மா."

"அது இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை கண்ணால பாத்தேன்னியே?"

மூக்கர் கையிலிருந்த துணியைக் கசக்கினார். "பாக்கல."

வாசலில் கண்ணாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சட்டைப் பையில் வழக்கம்போல் கண்ணாடி துடைக்கிற துணி.

"மாப்ள, நான் பொய் சொல்லிட்டேன். நீங்க எங்கயும் போகல" என்றார் மூக்கர்.

"நான் போகலேன்னு எனக்குத் தெரியாதா மச்சான்?" என்றார் அவர். குரல் உயரவேயில்லை. "நீங்க சொன்னதுல எனக்குக் கோபமில்ல. நீங்க யாரைத்தான் நம்பினீங்க? இவ எல்லாத்தையும் ரெண்டு தடவை பாக்கறவ. என் விஷயத்துல மட்டும் ஒரு தடவைகூடப் பாக்கலியே."

தங்கை லேப்டாப்பை மூடினாள்.

"கார் சரியானதும் இவகிட்டயே குடுத்துடுங்க. வீட்டுக்கு வரச்சொல்லி நாலு நாளாக் கூப்பிட்டாச்சு. இனிமே கூப்பிட எனக்குத் தெம்பில்ல." சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

தங்கை பின்னாலேயே ஓடுவாள் என்று மூக்கர் எதிர்பார்த்தார். அவள் அசையவில்லை.

"நீ போண்ணே" என்றாள்.

"நானா? நான் போய் என்னத்தைச் சொல்ல?"

"நீ சொன்ன பொய்க்கு நீ போய் நில்லு. அதை நம்பினதுக்கு நான் தனியாப் போய்க்கறேன். உன் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு நான் வரமாட்டேன்."

மூக்கர் கையைக்கூடத் துடைக்காமல் தெருவில் இறங்கினார். ஒர்க்‌ஷாப்பைப் பூட்டவேண்டும் என்பதுகூட நினைவில்லை. கண்ணாடிக்காரர் அதற்குள் தெருமுனைக்குப் போயிருந்தார். அந்த மனிதர் நடையில் துளிக்கூட வேகமில்லை. இருந்தும் அவரை எட்டிப் பிடிக்க மூக்கர் ஓடவேண்டியிருந்தது.