எட்டு மணி விமானத்தில் வந்த தாய்மாமன்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுகளா, அரியலூரில் ஒருத்தி ஒரு மடிக்காக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்ற கதையைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், ஒரு வியாழக்கிழமை. அம்சவள்ளியின் மகள் சிவரஞ்சனிக்குக் காதுகுத்து. மொட்டையடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது. பிள்ளையை உட்காரவைக்கத் தாய்மாமன் மடிதான் இல்லை. அம்சவள்ளிக்குத் தாய் தகப்பன் கிடையாது. பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி கலைச்செல்வன் ஒருவன்தான். முந்தின நாள் போனில், "காலைல எட்டு மணிக்கு ஃப்ளைட்டுக்கா. நாலு மணி நேரத்துல திருச்சி" என்றான். அதோடு லைன் அறுந்துவிட்டது.

காலை பதினோரு மணிக்கு நாத்தனார் கலியம்மாள் விரலை மடக்கினாள்.

"எட்டும் நாலும் பன்னெண்டு. திருச்சியிலேருந்து எழுவது கிலோமீட்டரு, காருல ரெண்டு மணி நேரம். ஒன்றரைக்கு ராகுகாலம் பொறந்துடும். ஒன் பெரியப்பா மவன் பிச்சைமுத்து மடியில வெச்சு முடிச்சுடு."

"எந்தம்பி உசுரோட இருக்கயிலயா அண்ணி?"

"ஆமா, ஏரோப்ளேன் மாமன்! ஆசாரி எம்மா நேரம் ஊசியும் கையுமா குந்தியிருப்பாரு?"

அம்சவள்ளி அடுப்படிக்குள் போய் நின்றாள். இன்று வேறு மடியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால், பிறந்த வீட்டு உரிமையே அற்றுப்போகும். ஞாயிறுதோறும் தம்பி பேசுவது நினைவுக்கு வந்தது. இங்கே ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டுப் போனை எடுத்தால், "மணி ஒம்போதுக்கா, படுக்கப் போறேன்" என்பான்.

வெளியே ஓடிவந்தாள்.

"அண்ணி, அவன் சொன்னது அந்த ஊரு எட்டு! நமக்கு அஞ்சரை. ஒம்போதரைக்கே எறங்கியிருப்பான். பெட்டி எடுக்க ஒரு மணி, வழி ரெண்டு மணி. பன்னெண்டரைக்கு வந்துடுவான்."

பன்னிரண்டரை ஆயிற்று. ஒரு மணியும் ஆயிற்று. கார் வரவில்லை.

"எங்கடி ஒன் அஞ்சரை?" என்றாள் கலியம்மாள். பிச்சைமுத்து தயங்கித் தயங்கி மணையில் உட்கார்ந்தான்.

அப்போது ரயில்வே கேட் பக்கம் கூட்ஸ் வண்டி ஊதியது. சிமெண்ட் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும் வண்டி. கேட்டைப் போட்டால் லேசில் திறக்கமாட்டார்கள். திருச்சிக் காரும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் வரவேண்டும்.

அம்சவள்ளி பிள்ளையை வாரி இடுப்பில் வைத்தாள்.

"ஆசாரியாரே, ஊசிய எடுத்துக்கிட்டு என் பின்னால வாங்க!"

கேட்டில் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. இடுக்குகளில் வெள்ளைக் கார் ஒன்று தெரிந்து தெரிந்து மறைந்தது. அது தம்பிதானா? கடைசிப் பெட்டி கடந்தபோது மணி ஒன்று இருபது. கேட் முழுசாக ஏறுவதற்குள் குனிந்து ஓடிவந்தான் கலைச்செல்வன்.

"ஏர்போர்ட்டுல பெட்டி வர லேட்டாயிடுச்சுக்கா..."

"அதெல்லாம் அப்பறம். குந்துடா!"

கேட்டோரக் கல்லில் அவன் உட்கார, பிள்ளை மடியேறினாள். ஆசாரி இரண்டு காதும் குத்தி முடித்தபோது மணி ஒன்று இருபத்தேழு. மூச்சிரைக்க வந்து சேர்ந்த கலியம்மாள், அழுத பிள்ளைக்கு முந்தானையால் நிழல் பிடித்தாள்.

"கடலத் தாண்டி வந்தவன கேட்டு மறிச்சிட்டுது பாரு!"

அம்சவள்ளி அப்போதுதான் அழுதாள்.

கண்ணுகளா, நீங்கள் வழி பார்த்திருக்கும் ஆள் நேரத்துக்கு வந்து சேரட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாமன் மடி என்றும் குறையாதிருக்கட்டும்.