லேபிள் உரித்த டப்பா

சித்ராவின் மீதுதான் தவறு என்று நிரூபிப்பதற்காகவே அந்தச் சனிக்கிழமை காலை வித்யா மூன்று பொருள்களை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு எடுத்துச் சென்றாள். ஒன்று, சித்ரா வித்யாவின் வீட்டுக் குளியலறையில் விட்டுப் போயிருந்த உடல் கழுவும் திரவம், பாதி தீர்ந்த பாட்டில். இரண்டாவது, சித்ரா தேய்க்கப் பயன்படுத்திய மெல்லிய துணி. மூன்றாவது, அப்பாவின் வலது கையைத் துடைத்த துண்டு. அதில் இரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

அப்பா இராமகிருஷ்ணனுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து பதினோரு மாதங்கள் ஆகின்றன. பேச்சும் அன்றே போயிற்று. ஆவடியில் இராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில், பல்சக்கரம் பொருத்தும் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்து பருத்திப்பட்டில் ஏரியை ஒட்டி வீடு கட்டிக்கொண்டார். தினமும் காலை எட்டு மணிக்குச் சித்ரா வந்து அவரைக் குளிப்பாட்டி, கைகால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவாள். வீடுகளுக்குப் பராமரிப்புப் பெண்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தின் மூலம் வந்தவள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் புண்ணைப் பார்த்தது வித்யாதான். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து கிடந்தது. அந்தக் கையில் உணர்ச்சி இல்லாததால் அவர் முகத்தில் எந்த வலியும் தெரியவில்லை. சர்க்கரை உள்ள உடம்பு. ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், சீழ் வைத்தால் நிலைமை வேறு என்று மருத்துவர் சொன்னார். அன்றே வித்யா நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தாள். அவர்கள் சித்ராவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திங்கட்கிழமைக்குள் ஆதாரம் அனுப்பினால் அவள் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள்.

ஆதாரம் கண்டுபிடிப்பது வித்யாவுக்குப் பெரிய காரியம் இல்லை. அவளுடைய பிழைப்பே அதுதான். எஸ்டேட்டில், பல கம்பெனிகளுக்காகச் சோப்பும் ஷாம்பூவும் உடம்பு தேய்க்கும் ஸ்கிரப்பும் செய்து கொடுக்கும் ஒரு சிறிய ஆலையில் அவள் தரச் சோதனைப் பிரிவைப் பார்க்கிறாள்.

"இன்னா மேடம், ஊட்டுத் துணியெல்லாம் லேபுக்கே எட்த்துகினு வந்துட்டீங்க? மிஷின் ரிப்பேரா?" என்றான் உதவியாளன் அசோக்.

"சும்மா இரு அசோக். முந்நூறு மைக்ரான் சல்லடையை எடு."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் அடுத்த கேலியை விழுங்கிக்கொண்டான்.

முதலில் சித்ராவின் பாட்டில். 'தோலின் இறந்த செல்களை நீக்கும்' என்று முன்பக்கம் எழுதியிருந்தது. முன்பக்கத்தை நம்பி வித்யா எந்தப் பாட்டிலையும் வாங்கியதில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள பட்டியல்தான் பேசும் என்பது அவள் அனுபவம். எது அதிகமோ அது முதலில் வரும். தண்ணீர், தேங்காயெண்ணெயிலிருந்து எடுக்கும் மென்மையான நுரைப்பான், கிளிசரின், அப்புறம் கீழே, கடைசிக்குச் சற்று முன்னால், லாக்டிக் அமிலம். அவள் கண் அங்கே நின்றது. அமிலம். இதோ கிடைத்துவிட்டது என்று மனத்துக்குள் ஒன்று துள்ளியது. அந்தத் துள்ளலுக்காக அவள் பிறகு வெட்கப்பட்டாள்.

சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தாள். பிஎச் அளவு ஐந்துக்கும் ஐந்தரைக்கும் இடையில்; மனிதத் தோலுக்கு இயல்பாகவே உள்ள அளவு. கொஞ்சத்தைத் தண்ணீரில் கரைத்துச் சல்லடையில் ஊற்றினாள். ஒரு துகள்கூட நிற்கவில்லை. துணியையும் அலசி ஊற்றினாள். அதிலும் ஒன்றும் இல்லை. பச்சைக் குழந்தைக்கு வேண்டாமென்றாலும் வயதானவர்களின் வறண்ட தோலுக்குத் தாராளமாகப் போடலாம். சித்ரா தன் கைக்காசில் வாங்கியது அது.

மிச்சம் இருந்தது துண்டு. அதை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைச் சல்லடையில் விட்டாள். கம்பிவலையின் மீது பழுப்பு நிறத்தில் கொஞ்சம் பொடி தங்கியது.

"வால்நட் ஓடு மேடம்," என்றான் அசோக், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து.

உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தாள். நல்ல ஸ்கிரப்பில் போடும் ஜோஜோபா மெழுகு மணிகள் கடுகைப்போல் உருண்டு இருக்கும். தோலின் மீது வழுக்கிக்கொண்டு போகும். வால்நட் ஓட்டை அரைத்தால் அப்படி உருளாது. உடையும் இடமெல்லாம் விளிம்பு. சன்னமாக அரைத்துச் சலித்தால் பரவாயில்லை. இது சலித்தது இல்லை. ஒவ்வொரு துகளும் உடைந்த ஓட்டாஞ்சில்லு மாதிரி நின்றது.

"இது நம்ம மார்ச் மாசச் சரக்கு மாதிரியே கீது. நீங்கதான் ரிஜெக்ட் பண்ணீங்களே?"

வித்யா அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்தாள். மார்ச், நாற்பத்து ஏழாம் எண். 'ஓட்டுத்தூள் முந்நூறு சல்லடையில் தங்குகிறது. தோலைக் கீறும். நிராகரிக்கப்பட்டது.' அவளுடைய கையெழுத்து. கீழே அவளுடைய கையொப்பம்.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்காக எடுத்து வைத்த மாதிரி டப்பாக்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அலமாரியிலிருந்து இறக்குவார்கள். கொட்டுவானேன் என்று வேலை செய்பவர்களே பங்கு போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். ஒரே ஒரு நிபந்தனை: எந்தக் கம்பெனியின் பெயரும் கேட்டைத் தாண்டக் கூடாது. அதனால் சூடான காற்றைக் காட்டி லேபிளை உரித்துவிடுவார்கள். பெயரோடு பின்பக்கப் பட்டியலும் போய்விடும். அடியில் மார்க்கரில் எழுதிய எண் மட்டும் நிற்கும். போன முறை மற்றவர்கள் நல்ல டப்பாக்களாகப் பார்த்து எடுத்துக்கொள்ள, வித்யா நான்கை எடுத்துப் பையில் போட்டாள். அவற்றில் ஒன்று நாற்பத்து ஏழு. அம்மாவின் குதிகால் வெடிப்புக்கு ஆகும் என்று நினைத்ததும் அவளுக்கு இப்போது நினைவு வந்தது. குளியலறை அலமாரியில் அடுக்கும்போது, "குளிக்கறதுக்கும்மா" என்று மட்டும் சொன்னதும் நினைவு வந்தது.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆவடி ரயிலைப் பிடித்தாள்.

அம்மா பஞ்சவர்ணம் சமையலறையில் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நாற்பத்து ஏழு என்று எழுதிய டப்பாவை வித்யா மேடைமேல் வைத்தாள். அது கால்வாசிதான் இருந்தது.

"அப்பா கையில இதைப் போட்டது யாரு?"

அம்மாவின் கை அரிசிக்குள்ளேயே நின்றது.

"சித்ராவா?"

"இல்ல."

"அப்புறம்?"

"நாந்தான்."

அம்மா கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றபடியே சொன்னாள்.

"பேக்டரில நாலரைச் சங்கு ஊதினா உங்கப்பா கைய நீட்டுவாரு. இடது கையால வலது கைய எடுத்து எம்முன்னாடி வெப்பாரு. மொதல்ல எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் புரிஞ்சுது. குவார்ட்டர்ஸ்ல இருக்கறப்போ வேலை விட்டு வந்ததும் வாசக்குழாய்கிட்டயே நிப்பாரு. மரத்தூளும் சோப்புத் தூளும் கலந்து நான் எடுத்துட்டுப் போவணும். முழங்கை வரைக்கும் கிரீஸ். அது போற வரைக்கும் உள்ள வரமாட்டாரு. நீ ஓடிப்போய்க் கட்டிக்குவ, கைய ரெண்டையும் மேல தூக்கிக்குவாரு. கழுவினாத்தான் உன்னைத் தொடுவாரு."

"அது அப்போம்மா. இப்போ அந்தக் கையில கிரீஸா இருக்கு?"

"உனக்கும் எனக்கும் இல்ல. சர்க்கரையில கறுத்துப்போன தோலு, அவரு கண்ணுக்கு அதுதான் கிரீஸு. சோப்புப் போட்டேன், ஒத்துக்கல. இந்த டப்பாவத் தொறந்தேன். மரத்தூளு மாதிரியே கரகரன்னு இருந்துச்சு. அதைப் போட்டுத் தேய்ச்சதும் அப்படியே அமைதியாயிட்டாரு. தெனமும் நீ வர்றதுக்குள்ள தேய்ச்சுவிட்டேன். அவருக்குத்தான் வலிக்கலியே, எனக்கு எப்படித் தெரியும்?"

"சித்ரா மேல எழுதிக் குடுத்தேனே, அப்ப சொல்லியிருக்கலாமே?"

அம்மா அரிசிப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "சொன்னா நீ அதை நிறுத்திடுவே," என்றாள். "பதினோரு மாசமா எங்கிட்ட அவரு கேக்கறது அது ஒண்ணுதான். சோறு கேக்கமாட்டாரு, தண்ணி கேக்கமாட்டாரு. அந்தப் பொண்ணுக்கு வேற வீடு கெடைக்கும்னு நெனச்சேன். நெனச்சது தப்புதான்."

வித்யாவுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது. சில மாதங்களாக, மாலை ஆறரைக்கு அவள் வீடு திரும்பிக் கட்டிலருகே போனால் அப்பா இடது கையால் அவள் கன்னத்தைத் தொடுவார். முன்பெல்லாம் அவருக்கு அந்தப் பழக்கம் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. மூளையில் அடிபட்டவர்கள் மாறிப்போவார்கள் என்று மருத்துவர் சொன்னதோடு அதைச் சேர்த்துவைத்திருந்தாள். புண்ணைப் பார்த்த பிறகு, அந்தக் கையில் தண்ணீரே படக்கூடாது என்று அவள் உத்தரவிட்டிருந்தாள். இந்த நான்கு நாளாக அவர் தொடுவதில்லை. அவள் கிட்டே போனால் கையை இழுத்துக்கொள்கிறார். சித்ராவை நிறுத்தியதில் வருத்தம் என்று எண்ணியிருந்தாள்.

அழுக்குக் கையோடு மகளைத் தொடக் கூடாது என்று அவர் காத்திருந்திருக்கிறார்.

சித்ராவின் வீடு பழைய பருத்திப்பட்டில், பத்து நிமிட நடை. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வித்யாவைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"வாங்கக்கா. இன்னா, இன்னும் ஏதாச்சும் எழுதணுமா?"

வித்யா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: சல்லடை, ஓட்டுத்தூள், லேபிள் உரித்தது, அம்மா. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. சித்ரா ஊசியை நிறுத்தவில்லை.

"கைய சொரண்டி வுட்டுட்டேன்னு எம்போட்டோவ வாட்ஸ்அப் குரூப்ல போட்டாங்கக்கா. எரநூறு பேரு கீற குரூப்பு. 'இந்தப் பொண்ண யாரும் கூப்பிடாதீங்க'ன்னு. எங்க மாமியார் படிக்கத் தெரியாதவங்க. அவங்களுக்கே யாரோ படிச்சுக் காட்டிட்டாங்க."

"தப்பு எங்க வீட்டுலதான் சித்ரா. என்னுதுதான். ஆபீஸுக்கு இப்பவே போன் பண்றேன்."

"போன் வாணாம். என்ன பத்தி பேப்பர்ல எழுதித்தானே குடுத்தீங்க? இதையும் பேப்பர்ல எழுதுங்க."

பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து வித்யா எழுதினாள். வேலையில் எழுதும் அறிக்கையைப் போலவே எழுத வந்தது. 'சித்ரா பயன்படுத்திய திரவத்தில் தோலைக் கீறும் பொருள் எதுவும் இல்லை. காயத்துக்குக் காரணமான டப்பா என்னால் நிராகரிக்கப்பட்டு, என்னாலேயே லேபிள் இன்றி வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டது.' கையொப்பம் இட்டாள். சித்ரா அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, கைபேசியில் படம் எடுத்தாள்.

"குரூப்ல நானே போடறேன். ஆபீஸுக்கும் அனுப்பிடறேன்."

"திங்கட்கிழமை வருவியா?"

"வரமாட்டேன்க்கா." குரலில் சண்டை இல்லை. "பெரியவரு நல்ல மனுஷன். ஆனா உங்க ஊட்டு வாசல்ல கால் வெக்க எனக்கு மனசு வராது."

வித்யா பையிலிருந்து அவளுடைய பாட்டிலை எடுத்து நீட்டினாள். சித்ரா வாங்கிக்கொள்ளவில்லை.

"அது அவருக்காக வாங்கினது. அங்கியே இருக்கட்டும். புண்ணு மேல மட்டும் படாம பாத்துக்கோங்க."

வீடு சேரும்போது சங்கு ஊதியது. அவள் நேராக அப்பாவின் அறைக்குப் போனாள். அவர் தன் இடது கையால், கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கி மடியின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் இடது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அம்மா வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்து கதவருகே தயங்கி நின்றாள். வித்யா நகர்ந்து இடம் விட்டாள். பாட்டிலை அம்மாவின் கையில் கொடுத்து, "கட்டை நனைக்காதே. விரலையும், இடது கையையும் கழுவு," என்றாள். அம்மா குனிந்து ஒவ்வொரு விரலாக, அவசரம் இல்லாமல் கழுவினாள். கரகரப்பு இல்லாததை அவர் உணர்ந்தாரோ என்னவோ, இரண்டு முறை அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "போயிடுச்சுங்க," என்றாள் அம்மா. "எல்லாம் போயிடுச்சு."

அவர் இடது கையைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். புறங்கையைப் பார்த்தார், திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். வெள்ளைக் கட்டைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அந்த ஈரக் கையை நீட்டி வித்யாவின் கன்னத்தில் வைத்தார்.

இருட்டுவதற்கு முன் அம்மா குளியலறையிலிருந்து மற்ற மூன்று டப்பாக்களையும் எடுத்துவந்து வித்யாவின் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு பேனாவும் ஒட்டுத்தாளும்.

"எதுல என்ன இருக்குன்னு எழுதி ஒட்டு."

வித்யா ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியில் பார்த்தாள். ஒன்றின் எண் அவளுக்கு நினைவிருந்தது. தண்ணீர், கிளிசரின், மெழுகு மணி என்று வரிசையாக எழுதி ஒட்டினாள். மற்ற இரண்டின் எண்களும் ஈரத்தில் அழிந்திருந்தன. வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று மூடியைத் திறந்தாள், பிறகு மூடினாள். இரண்டின் மீதும், அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும் அளவுக்குப் பெரிதாக, 'தெரியாது' என்று எழுதினாள்.