மூன்று நாரை, மூன்று சாசேஜ்

வில்ஃப் பிராங்கிள் வீட்டில் நாரைப் படம் இல்லாத ஜீவனோ பொருளோ ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய பூனை. அதற்கும் ஒரு சட்டை தைத்துப் போட்டார். பூனை அதைக் கடித்துத் துப்பிவிட்டது.

எல்லாம் ஸ்கார்பரோ கடற்கரையில் ஆரம்பித்தது. அங்கே ஒரு கடைக்காரனிடம் குடும்பப் பெயரைச் சொன்னால் போதும். கம்ப்யூட்டரில் தட்டி, அந்தப் பெயருக்குரிய குலச்சின்னத்தைக் கேட்ட சாமானில் அச்சடித்துக் கொடுத்துவிடுவான். வறுத்த மீன் தின்னப் போன வில்ஃப், நீலக் கேடயத்தில் மூன்று வெள்ளை நாரைகளோடு திரும்பினார். கோப்பையில் நாரை, டையில் நாரை, தேநீர்க் கெட்டிலுக்குப் போடும் குல்லாயில் நாரை, மிதியடியில் நாரை. அவர் பைஜாமாவில் மட்டும் நூற்றுப் பதினான்கு நாரைகள் நின்றன. உட்கார்ந்தால் சில மறையும். எழுபத்தொரு வயதுவரை ஊரார் வீட்டுக் கூரைகளுக்கு ஓடு மாற்றிய மனிதர் ஒரே நாளில் பிரபுவாகிவிட்டார்.

இதை ஊரில் ஒத்துக்கொள்ளாதவர் ஹெஸ்டர் ஆட்லி ஒருவர்தான். கசாப்புக் கடைக்காரர் மகள், அறுபத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். முப்பது வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்திவிட்டு, இப்போது சனிக்கிழமைகளில் ஊர் சர்ச்சுக்கு வருபவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டுகிறார். மற்றவர்களுக்குக் கிரிக்கெட் ஸ்கோர் எப்படியோ, அவருக்குக் குலச்சின்னங்கள் அப்படி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் யார் கேடயத்தில் எத்தனை சிங்கம், எது எந்தப் பக்கம் பார்க்கும் என்று சொல்லிவிடுவார்.

"இதோட நூறாவது தடவை சொல்றேன், மிஸ்டர் பிராங்கிள். சின்னம் ஆளுக்குத்தான், பேருக்கு இல்ல. ராஜா ஒருத்தருக்குக் குடுத்தா அவருக்கு, அவர் பிள்ளைக்கு, பேரனுக்கு. டெலிபோன் புக்குல இருக்கற பிராங்கிள் எல்லாருக்கும் பங்கு கிடையாது."

"நானும் பிராங்கிள்தானே?"

"நாரை வச்சிருந்த பிராங்கிள் வம்சம் வாரிசு இல்லாம எப்பவோ முடிஞ்சுபோச்சு. உங்க முப்பாட்டன் அவங்க தோட்டத்துல முயல் திருடி மூணு மாசம் உள்ள இருந்தவர். பதிவு இருக்கு, காட்டட்டுமா?"

"அப்போ முயல் போட்டுக்கறேன்."

ஹெஸ்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு மூதாதையரை ஜெயிலுக்கு அனுப்ப வில்ஃப் தயாராக இருந்தார். சர்ச்சில் அவர் சுற்றிக் காட்டும்போதெல்லாம் வில்ஃப் கூட்டத்தின் கடைசியில் நிற்பார். ஒன்பது வருஷமாக ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. அவ்வளவு நாளும் குரலைக் கேட்டாரே தவிர, அது சொன்னதைக் கேட்டதில்லை.

அந்த வாரம் தலையில் இடி விழுந்தது. தெற்கே வெகு தூரத்தில் எக்ஸ்மத்தில் இருக்கும் ஹெஸ்டரின் தங்கை டோரா, அவரை நிரந்தரமாகத் தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தாள். கடலைப் பார்த்த அறை, தனிக் குளியலறை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று வில்ஃப் ஹெஸ்டரை இதற்கு முன்பே கேட்டிருக்கிறார், தன் பாணியில். காய்கறிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய, தொடை பருமன் லீக் என்ற வெங்காயத் தண்டை அப்படியே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார். ஹெஸ்டர் அதில் சூப் வைத்துப் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தார். அது சம்மதமா மறுப்பா என்று வில்ஃப் இரண்டு வருஷம் யோசித்தார்.

"வாயைத் திறந்து கேளேன்டா," என்றார் நார்மன், பப்பில் மூன்றாவது கிளாஸுக்கு மேல். நார்மன் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர். சர்ச் மணியடிக்கும் குழுவுக்குத் தலைவர்.

"வாய் திறந்தா நாரையைப் பத்தித்தான்டா வருது."

"சரி, எழுதிக் குடு."

"பிழை திருத்திக் குடுப்பாங்க."

"அப்போ அவங்களுக்குப் புரியற பாஷைல சொல்லித் தொலை. எனக்கு வீட்டுக்குப் போகணும்."

நார்மன் சும்மாதான் சொன்னார். ஆனால் வில்ஃபுக்கு மண்டைக்குள் விளக்கெரிந்தது. சர்ச் சுவரில் ஆறு பெரிய பலகைகள் தொங்கும், சீட்டுக்கட்டு டைமன் போல முனையில் நிற்கிற பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கேடயம், இரண்டாகப் பிரித்தது. இடது பாதி புருஷன் வீட்டுச் சின்னம், வலது பாதி பெண்டாட்டி வீட்டுச் சின்னம். கல்யாணத்தைப் படமாகச் சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும்?

மூன்று நாள் கொட்டகையிலிருந்து வெளியே வரவில்லை. அந்த ஆறு பலகைகளில் பார்க்க மிடுக்காக இருந்த ஒன்றை அப்படியே பார்த்து வரைந்தார். இடப்பக்கம் மூன்று நாரைகள். வலப்பக்கம் ஆட்லி குலத்துக்கு ஒரு சின்னமும் கிடையாதே என்று கவலைப்பட்டு, ஹெஸ்டர் அப்பாவின் கசாப்புக் கடையில் சரம்சரமாகத் தொங்கிய இறைச்சிக் குழல்களை நினைத்து, சிவப்புப் பின்னணியில் மூன்று தங்க சாசேஜ்கள். கேடயத்துக்குப் பின்னால் பலகையை, மூலத்தில் இருந்தபடியே, நாரைப் பக்கம் கறுப்பும் சாசேஜ் பக்கம் வெள்ளையுமாக அடித்தார். சனிக்கிழமை காலை ஏணி போட்டு, ஹெஸ்டர் சர்ச்சுக்குப் போகும் வழியில் கண்ணில் படும்படி, தன் வீட்டு வாசல் கதவுக்கு மேலே மாட்டினார். பிறகு உள்ளே போய், பனியனும் நாரைப் பைஜாமாவுமாக உட்கார்ந்து, கருவாடும் ரொட்டியுமாகக் காத்திருந்தார்.

ஒன்பதே முக்காலுக்குத் தெருமுனையில் ஹெஸ்டரின் பச்சைத் தொப்பி தெரிந்தது. நின்றது. அப்புறம் ஓடி வந்தது.

ஹெஸ்டர் ஆட்லி ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. தபால் ஆபீசில் தீப்பிடித்த அன்றுகூட அவர் நடந்துதான் வெளியே வந்தார். இப்போது கைப்பை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். சர்ச் வாசலில் நின்ற நார்மனைப் பார்த்து, "வில்ஃப் போயிட்டார், நார்மன்!" என்று கத்திக்கொண்டே, எதிரே வந்த பால் வண்டியை ஓரங்கட்டவைத்து, கதவை மோதித் திறந்து உள்ளே விழுந்தார்.

வில்ஃப் முள்கரண்டியும் கையுமாக எழுந்து நின்றார். "வாங்க ஹெஸ்டர். பாத்தீங்களா?"

ஹெஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "உயிரோட இருக்கீங்க," என்றார், ஏதோ குற்றம் கண்டுபிடித்தவர் போல.

"இருக்கேனே. ஏன்?"

"யார் அந்தப் பலகையை மாட்டினது?"

"நான்தான். நானே பண்ணினேன். உங்களுக்காக."

"அது சாவுப் பலகை, மனுஷா! அந்தக் காலத்துல வீட்டுல ஆள் செத்தா வாசலுக்கு மேல மாட்டுவாங்க, அப்புறம் சர்ச்சுக்கு எடுத்துட்டுப் போவாங்க. எந்தப் பக்கம் கறுப்போ அந்தப் பக்கத்து ஆள் காலி. ஒன்பது வருஷமா வாரா வாரம் சொல்றேனே, எங்க போச்சு காது?"

வில்ஃப் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நான் உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன்," என்றார். பைஜாமாவில் இருந்த நாரைகள்கூட வெட்கப்பட்டிருக்கும்.

ஹெஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்தார். அதற்குத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார்.

"அந்த வலப்பக்கம் என்ன, விரலா?"

"சாசேஜ். உங்க வீட்டுச் சின்னம்."

"ஓ." சிரிப்பும் அழுகையும் மூக்கில் முட்டிக்கொண்டன. "அப்போ பலகைப்படி எனக்கும் உங்களுக்கும் கல்யாணம் ஆயிருக்கு. நீங்க போய்ச் சேர்ந்தாச்சு, நான் விதவை. நடுவுல இருக்கறதெல்லாம் எங்க, மிஸ்டர் பிராங்கிள்?"

"அதைத்தான் கேக்கலாம்னு..." என்று வில்ஃப் ஆரம்பித்தபோது சர்ச்சில் பெரிய மணி அடித்தது.

மூன்று அடி, ஒரு நிறுத்தம். மூன்று அடி, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று. செத்தது ஆண் என்று அர்த்தம். அடுத்து, செத்தவர் வயசில் வருஷத்துக்கு ஓர் அடி.

"நார்மன்," என்றார் வில்ஃப், வெளுத்துப்போய். "அந்த மடையன் எனக்கு அடிக்கறான். போய் நிறுத்தறேன்."

"உக்காருங்க. ஆரம்பிச்ச மணியை நடுவுல நிறுத்தக் கூடாது. கேக்க வந்ததைக் கேளுங்க."

வில்ஃப் கேட்டார். நாரை ஒன்றும் உள்ளே வராமல், ஒரே வாக்கியத்தில், எக்ஸ்மத்துக்குப் போகாமல் தன்னைக் கட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"மணி முடியட்டும். செத்தவருக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

ஆகவே இருவரும் உட்கார்ந்து கேட்டார்கள். இருபத்தொன்று. இருபத்திரண்டு. நார்மன் அழுதுகொண்டே அடிக்கிறார் என்பது அடியிலேயே தெரிந்தது. சில கனமாகவும் சில விக்கலாகவும் விழுந்தன. தெருவில் ஜன்னல்கள் திறந்தன. வில்ஃபுக்குத் தன் ஆயுள் முழுவதும் காதருகே ஒருதரம் நடந்து போவதுபோல் இருந்தது. முப்பதில் முதல் ஏணி வாங்கினார். நாற்பதுகளில் ஒன்றுமே நடக்கவில்லை. எழுபத்தொன்றுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று விரலால் மேஜையில் கணக்குப் போட்டார்.

நாற்பத்தேழாவது அடி விழுந்தது.

"சரி," என்றார் ஹெஸ்டர்.

"என்ன?"

"சரின்னேன். டோரா அந்த ரூமை வாடகைக்கு விட்டுக்கட்டும்."

"மணி முடியலையே?"

"எனக்கு முடியல, வில்ஃப்."

மிச்சம் இருபத்துநான்கு அடியையும், ஆறிய கருவாட்டுக்கு மேலே கைகோத்தபடி, இருவரும் மரியாதையாகக் கேட்டு முடித்தார்கள். வாசலில் அதற்குள் துக்கம் கேட்கப் பதினேழு பேர் சேர்ந்துவிட்டிருந்தார்கள். பனியனோடு போக வேண்டாம் என்று ஹெஸ்டர், கோட்டை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டு, பொத்தான்களை மாட்டினார்.

"முதல்ல நீங்க போங்க," என்றார். "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

வில்ஃப் கதவைத் திறந்தார்.