எடை மேடையில் ஆரின்

நெப்ராஸ்காவில் எந்த ஆண்பிள்ளையிடமும் "உன் வண்டி எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெண்டாட்டியின் பிறந்தநாள் மறந்திருக்கும், அந்த எண் மட்டும் மறந்திருக்காது. "சரி, எவ்வளவு சுமக்கும்?" என்று கேளுங்கள். திருதிருவென்று முழிப்பான். ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஓரமாக ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கும். வண்டி, ஆட்கள், சாமான்கள், பின்னால் கொக்கியில் வந்து அழுத்துகிற டிரெய்லரின் பாரம் எல்லாம் சேர்த்து எவ்வளவு தாங்கும் என்று அதில் இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் அதைப் படித்த ஒருவனையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

கூட்டுறவு தானியக் கிடங்கில் எடை மேடை என் பொறுப்பு. மேடைமேல் சோள லாரி ஏறி நின்றால், வெளியே இருக்கும் பெரிய பலகையில் சிவப்பாக எண் விழும். காபி குடிக்கிற சாக்கில் என் அறையில் வந்து உட்கார்ந்திருக்கும் பாதி ஊரும் அதை ஜன்னல் வழியாகப் பார்க்கும். என் காபி அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. அவர்களுக்குப் போக வேறு இடமில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் ஹால்வர்சன் சகோதரர்கள் தவறாமல் இருப்பார்கள். ஆரின் மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய உடம்பு. இடுப்பு தேய்ந்துபோனதால் பேட்டரி நாற்காலியில்தான் நடமாட்டம். டெல்மர் இளையவர், மார்வாவின் கணவர். சகோதரர்கள் ஒரே நிலத்தில் சேர்ந்து பாடுபட்டவர்கள். நிலத்தை விற்றதும் ஒரு டிரெய்லர் வீடு வாங்கி, மூன்று பேருமாக ஆரிகன் கடற்கரைக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். யோசனை ஆரினுடையது. மனிதர் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை.

"உப்புத் தண்ணியில கால வைக்கணும், நண்டு திங்கணும். அதுக்கப்புறம் என்னை எங்க வேணா புதைச்சுக்கோங்க" என்பார்.

டிரெய்லர் வந்துவிட்டது. அதை இழுக்க ஒரு பிக்கப் வேண்டும். குளிர்காலம் முழுக்க என் அறையில் இதே பேச்சுதான். டீசலா பெட்ரோலா என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட எவனும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

கடைசியில் கடைக்குப் போனபோது நடந்ததை மார்வா என்னிடம் சொன்னாள். இரண்டு வண்டிகள் நின்றிருந்தன. ஒன்று வெள்ளை. துணி இருக்கை, முரட்டு ஸ்பிரிங், கட்டட வேலைக்காரர்கள் ஓட்டுகிற மாதிரி. இன்னொன்று கருஞ்சிவப்பு. தோல் இருக்கை, அது சூடாகவும் செய்யும். தலைக்குமேல் முழுக்கக் கண்ணாடிக் கூரை. விற்பனைக்காரன் சிவப்பு வண்டியைத் தட்டிக்கொடுத்து, "பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் சார்" என்றிருக்கிறான். டெல்மர் அங்கேயே அந்த எண்ணில் மயங்கிவிட்டார்.

"வெள்ளையே போதும்டா" என்றாராம் ஆரின். "நமக்கெதுக்குக் கண்ணாடிக் கூரை? மழை பெய்யுதான்னு பாக்கவா?"

"மார்வா சாய்ஞ்சுக்கிட்டே மலையெல்லாம் பாப்பா."

"என் தலையில கட்டாத" என்றாளாம் மார்வா. "மலையைப் பாக்க எனக்கு ஜன்னல் போதும்."

டெல்மரின் முகம் தொங்கிப் போயிருக்கிறது. ஆரினுக்கு அது பொறுக்காது, எப்போதுமே பொறுத்ததில்லை. "சரி விடு, நீதான ஓட்டப்போற. உனக்குப் புடிச்சத எடு" என்று சொல்லிவிட்டார்.

ஒரு வண்டியில் சொகுசு ஏற ஏற, அது சுமக்கும் பாரம் குறையும். கண்ணாடிக் கூரைக்கும் எடை உண்டு, சூடேறும் இருக்கைக்கும் எடை உண்டு. அழகு சோறு போடாது என்பார்கள். சுமையும் தூக்காது.

புறப்படும் நாள் காலையில் சிவப்பு வண்டி டிரெய்லரோடு கிடங்குக்கு வந்தது. எடை பார்ப்பது ஒரு சாக்கு. ஊருக்குக் காட்டத்தான் டெல்மர் வந்தார். டிரெய்லரைக் கழற்றாமல் மேடைக்கு வெளியே நிற்கவிட்டு, வண்டியை மட்டும் மேடைமேல் நிறுத்தச் சொன்னேன். கதவுத் தாளைப் போய்ப் படித்தேன். ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் கூடாது. பலகையில் ஏழாயிரத்து எழுநூறு என்று விழுந்தது.

அறையே சிரித்தது. "மார்வா, நேத்து ராத்திரி என்ன சாப்ட்ட?" என்று ஒருவன் கத்தினான். டெல்மர் சிரித்துக்கொண்டே இறங்கி ஜெனரேட்டரை இறக்கினார். கறி சுடும் அடுப்பும் தண்ணீர் கேன்களும் இறங்கின. விறகுக் கட்டு இறங்கும்போது, "ஏம்பா, ஆரிகன்ல மரமே கெடையாதா?" என்று இன்னொரு குரல். டெல்மர் மறுபடி ஏறி உட்கார்ந்தார். ஏழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு.

"என் நாற்காலியையும் இறக்கு" என்றார் ஆரின் பின் இருக்கையிலிருந்து.

"அப்ப அங்க எப்படி நடப்ப?"

"தவழ்ந்து போறேன். இறக்குடா."

நாற்காலி இறங்கியது. ஏழாயிரத்து நூற்று நாற்பது. அதற்குமேல் இறக்க வண்டியில் சாமான் எதுவும் இல்லை. மூன்று ஆட்கள்தான் இருந்தார்கள். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

"நான் என் காரை எடுத்துட்டுப் பின்னால வர்றேன்" என்றாள் மார்வா. "ஆரின் என்கூட வரட்டும்."

"உன் டப்பாவுல நான் ஏறினா அதையும் இங்க கொண்டு வந்து நிறுத்தணும்" என்றார் ஆரின். சொல்லிவிட்டு டெல்மரின் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு வேணாம், இந்த வண்டியை மாத்திட்டு அடுத்த வாரம் போவோம்" என்று தம்பியிடமிருந்து ஒரு வார்த்தை. அதற்குத்தான் காத்திருந்தார் என்பது ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே தெரிந்தது. டெல்மர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கடற்கரையில் தங்க இடம் பதிவு செய்தாகிவிட்டது, ஊர் பார்க்கிறது, வண்டி புத்தம் புதிது. அந்த வார்த்தை வரவில்லை.

ஆரின் கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, மேடையை விட்டு ஓரமாக நகர்ந்து, இறக்கி வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பலகையில் எண் சரசரவென்று இறங்கி ஆறாயிரத்து எண்ணூற்று அறுபதில் நின்றது. எல்லாரும் அதைப் பார்த்தோம். பிறகு எல்லாரும் எங்கள் காபியைப் பார்த்தோம்.

"இப்பதான் சரியா இருக்கு" என்றார் ஆரின். "போயிட்டு வாங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"நெசமாத்தான் சொல்றியா?" என்றார் டெல்மர். நெசமாகவா என்று கேட்கிறவன் பதிலை ஏற்கெனவே எடுத்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறான். அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

அடுத்த வாரம் கடற்கரையிலிருந்து டெல்மர் கூப்பிட்டார். ஆரின் என் அறையில்தான் இருந்தார். அலைச் சத்தம் கேட்கட்டும் என்று டெல்மர் போனைக் கடல் பக்கமாகப் பிடித்திருக்கிறார்.

"காத்துச் சத்தம்தான்டா கேக்குது" என்றார் ஆரின். "அது இங்கயே வேண்டிய அளவுக்கு இருக்கு."

திரும்பி வந்த டெல்மர் பழைய டெல்மர் இல்லை. ஒருநாள் யாரும் இல்லாதபோது என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"வயோமிங் தாண்டறதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு ரோண்டா. மார்வா ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தா. பின் சீட்டுல அவனோட தொப்பி கெடந்துச்சு. கண்ணாடியில பாக்கறப்பல்லாம் அதுதான் தெரிஞ்சுது. அங்கயே வண்டியத் திருப்பியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு, அதான் போய்க்கிட்டே இருந்தேன்."

காபி ஊற்றிக் கொடுத்தேன்.

சிவப்பு வண்டியை விற்றுவிட்டு வெள்ளையையே வாங்கினார். அடுத்த வசந்தத்தில் ஒரு காலை, டிரெய்லர் வெளியே நிற்க, அது என் மேடைமேல் வந்து நின்றது. மார்வா, ஜெனரேட்டர், அடுப்பு, தண்ணீர், விறகு என்று எல்லாம் ஏற்றியிருந்தார். ஒன்றையும் விடவில்லை. தாங்கக்கூடிய எடைக்கு இன்னும் இரண்டாயிரம் பவுண்டு மிச்சம் என்று பலகை சொன்னது.

"இன்னும் நாலு ஆரினை ஏத்தலாம் போலருக்கே!" என்று ஒருவன் கத்தினான். இந்த முறை தயங்காமல் சிரித்தோம். எங்களுக்கும் அது வேண்டியிருந்தது.

டெல்மர் இறங்கி வந்து பின் கதவை அகலத் திறந்தார். இருக்கையில் அந்தத் தொப்பி இருந்தது.

"வா ஆரின். நாற்காலியும் ஏறும். எல்லாமே ஏறும்."

என் அறையில் இருந்த ஆரின் வாசல்வரை நாற்காலியை ஓட்டிப் போய் வண்டியை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "நல்ல வண்டிடா. அன்னைக்கே சொன்னேன்ல."

"அப்ப ஏறு."

"என்னை ஒரு தடவை எடை போட்டாச்சு, டெல்மர்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்துக்கு டெல்மரிடம் பதில் இருந்தது. ஆரின் திரும்பி வந்து காலிக் கோப்பையை என்னிடம் நீட்டினார். வெளியே டெல்மர் கதவைப் பிடித்தபடியே நின்றார். பின்னால் ஒரு சோள லாரி மேடைக்காகக் காத்திருந்தது, ஆனால் ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. எண் மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நான் கை நீட்டிப் பலகையின் சுவிட்சை அணைத்தேன்.