கௌஹாத்திக்குப் புறப்பட்ட தாய்வீடு

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கோவிந்தப்பா உள்ளங்கையில் வெள்ளை வெளேரென்று ஒரு சூடத்தை வைத்துக்கொண்டு, சோமேஸ்வரர் கோயில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியம் பண்ணிச் சொன்னது இது. சூடத்தை ஏற்றி, கையால் அடித்து அணைப்பதுதான் முறை. அன்றைக்குக் காற்று அதிகம் என்று ஏற்றாமல் விட்டார். மற்றபடி அந்தச் சத்தியத்தில் ஒரு குறையும் கிடையாது.

கோவிந்தப்பாவுக்கு வீடு அல்சூரில், வேலை பொம்மசந்திராவில், ஒரு பம்பு கம்பெனியின் பேக்கிங் பிரிவில். அவர் கட்டிய பெட்டி வழியில் பிரிந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரு தடவை புனாவுக்குப் போன பம்பை அங்கே யாராலும் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க முடியவில்லையாம். குழாயை வெளியிலிருந்தே சொருகி, பெட்டியோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. கம்பெனியில் அவர் சொல்லிக் கொடுக்கும் விதிகள் இரண்டே. கனமானது அடியில். சரக்குக்கான காகிதம் சரக்கோடு உள்ளே. இந்த இரண்டாவது விதியால் பின்னால் வந்த வினையை அந்த இடம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அவருக்கும் ஜகதாம்பாளுக்கும் ஒரே மகள் விஜி. மாப்பிள்ளை சீனு செல்போன் டவர் பழுது பார்க்கிறவன். கம்பெனி அவனைக் கௌஹாத்தியில் கொண்டுபோய்ப் போட்டிருந்தது. விஜிக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வந்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. டிக்கெட்டும் போட்டாயிற்று. கடைசி நேரத்தில் அங்கே டாக்டரம்மா, கட்டிலை விட்டு அதிகம் இறங்கக்கூடாது, ரயில், விமானம் பேச்சே எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். விஜி போன் பண்ணினாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எனக்கு நம்ம வீட்லதாம்மா பெத்துக்கணும். இங்க எல்லாமே வேற மாதிரி வாசம் அடிக்குது."

ஜகதாம்பாள் போனை வைத்தாள். அரிசி களைந்தாள். உலை வைத்தாள். அப்புறம் புருஷனிடம் வந்து நின்றாள்.

"பொண்ணு தாய்வூட்டுக்கு வர முடியல. சரி. அப்ப தாய்வூடு பொண்ணுகிட்ட போவட்டும். இன்னாங்க, உங்க கம்பெனில எதைக் குடுத்தாலும் கட்டுவீங்களாமே. இத்தக் கட்டுங்க."

இதை என்று அவள் கைகாட்டியது வீட்டை.

கோவிந்தப்பா நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். தொழில்காரர் முடியாது என்று சொல்லக் கூடாது. இன்ச் டேப்பைத் தேடிக்கொண்டு போனார்.

விமான டிக்கெட் என்ன விலை என்று மாடிவீட்டு ஸ்னேஹா தன் போனில் காட்டினாள். அவர் அந்தப் போனை இரண்டு கையாலும் பிடித்து மரியாதையாக அவளிடமே திருப்பிக் கொடுத்தார். ஸ்லீப்பர் வகுப்பில் இரண்டு பேர் போகலாம், அவ்வளவுதான் அவர்கள் தெம்பு. பார்சல் வண்டியில் சாமான் போடுவதற்கோ, வழியில் வாங்கிச் சாப்பிடுவதற்கோ ஒன்றும் மிஞ்சாது. ஆக, வீடும் சாப்பாடும் சீட்டுக்கு அடியில் போகிற ஒரே பெட்டிக்குள் அடங்கியாக வேண்டும்.

பெட்டி எதிர்வீட்டு அன்னம்மாளுடையது. அவள் கல்யாணத்துக்கு வந்த தகரப்பெட்டி. அன்னம்மாள் பெரிய மனசுக்காரி, உடம்பும் அதற்கு ஏற்றது. பெட்டியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"உள்ள பாச்சை உருண்டை போட்டிருக்கேன் கோவிந்தா. ஒவ்வொரு மூலைக்கும் ஒண்ணு. பெட்டி வரும்போது அதுவும் வரணும். நான் எண்ணிப் பார்ப்பேன்."

பெட்டிக்குச் சக்கரம் கிடையாது. பழைய சாமான் கடையில் ஒரு ஆபீஸ் நாற்காலி காலை முறித்துக்கொண்டு கிடந்தது. அதன் சக்கரங்களை மட்டும் வாங்கி அடியில் பூட்டினார். அவை ஒரு மேனேஜர் நாற்காலியின் சக்கரங்கள் போலிருக்கிறது; போகச் சொன்ன பக்கம் போகாமல் தம் இஷ்டத்துக்குத் திரும்பின.

அப்புறம் கட்டும் வேலை. ஜகதாம்பாள் முதலில் கொண்டுவந்து வைத்தது அம்மியை. அதுவும் குழவியும் இல்லாமல் பிள்ளை பெற்ற மருந்தை எப்படி அரைப்பது என்றாள். கௌஹாத்தியிலும் கல் உண்டு, மலைநாடு அது என்று கோவிந்தப்பா எடுத்துச் சொன்னார். அங்கத்திக் கல்லுக்கு என் கை தெரியுமா என்று அவள் கேட்டாள். காலையில் தொடங்கிய வழக்கு மத்தியானம் தீர்ந்தது: அம்மி இங்கே இருக்கட்டும், கைபழகிய குழவி மட்டும் வரட்டும். கனமானது அடியில். குழவி அடியில் போயிற்று.

அதன்மேல் சுக்கு, திப்பிலி, ஓமம், பூண்டு, கருப்பட்டி. விஜி குழந்தையாக இருந்தபோது தூளி கட்டிய நைந்த நூல் சேலைகள். குக்கர். வாசல் நிலையில் தொங்கிய தோரணம். விஜி பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது முகம் பார்த்த, ஒரு மூலை உடைந்த கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் உள்ளே இன்னொன்று. குக்கருக்குள் சொம்பு, சொம்புக்குள் டம்ளர், டம்ளருக்குள் பெருங்காயம். பெருங்காயக் கட்டியையும் அவர் தட்டிப் பார்த்தாராம், உள்ளே இடம் இருக்குமோ என்று.

வழிச் சாப்பாட்டுக்கு ஜகதாம்பாள் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவி ஒரு அண்டா இட்லி அடுக்கினாள். இடம் போதவில்லை. கோவிந்தப்பா கம்பெனி முறைப்படி அவற்றைப் பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தினார். இட்லிகள் அப்பளக் கனத்துக்கு இறங்கின. அடுக்கி நூல் போட்டுக் கட்டியதில் மொத்தம் ஒரு பஞ்சாங்கத்தின் பருமன்கூட வரவில்லை. தண்ணீர் தெளித்தால் மறுபடியும் எழுந்து உட்காரும் என்று பெண்டாட்டிக்கு உறுதி கொடுத்தார். ஒன்றைத் தெளித்தும் காட்டினார். அது எழுந்து உட்கார்ந்தது.

எல்லாம் அடங்கிய பிறகும் அவருக்கு நிறைவில்லை. விஜி கேட்டது சாமானை அல்ல. கழுவிக் காயவைத்த ஒரு ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு சாயங்காலமாகத் தெருமுனைக்குப் போனார். மூடியைத் திறந்து தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். பூக்காரி மல்லிகையைத் தண்ணீர் தெளித்து வைத்த நேரம். போண்டாக் கடையில் முதல் ஈடு இறங்கிய நேரம். கோயில் விபூதியும் பெட்ரோல் புகையும் கலந்து வந்தன. அப்புறம் காற்று திரும்பி, ஏரியின் வாடை வந்தது. அல்சூர் ஏரியை யாரும் ஆசைப்பட்டு மோந்து பார்ப்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் மகள் நம்ப மாட்டாள் என்று அதையும் பிடித்து, மூடியை இறுக்கினார்.

வீடு திரும்பியதும் பெட்டியை மூட முடியவில்லை. அன்னம்மாள் வந்து மூடியின்மேல் உட்கார்ந்தாள். பூட்டு விழுந்தது. குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்டிக் பட்டை போட்டு, நெருப்பில் காட்டி ஒட்டி, அம்புக்குறி போட்டு 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதினார். தொழில் சுத்தம்.

மறுநாள் காலை ஆட்டோவுக்குக் கேட்ட விலைக்குப் பாதியில் திருப்பதிக்கே போய்விடலாம் என்று தோன்றியதால், கௌஹாத்தி ரயில் புறப்படும் பையப்பனஹள்ளிக்கு மெட்ரோவில் கிளம்பினார்கள். பரிசோதனை மிஷினுக்குள் பெட்டி போயிற்று. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏன்ரீ இது, மனெனா?" என்றார். என்ன இது, வீடா என்று கன்னடத்தில் கேள்வி.

"அர்த மனெ சார். இன்னர்த இட்டில்ல," என்றார் கோவிந்தப்பா. பாதி வீடுதான், மீதியை வைக்கவில்லை என்று அர்த்தம்.

காவலர் ஜகதாம்பாளைப் பார்த்தார். அவள் மகளுக்குத் தலைப்பிரசவம் என்றாள். அவர் வேறெதுவும் கேட்காமல் எழுந்து வந்து, அடம்பிடித்த சக்கரத்தைத் தாமே காலால் நேராக்கிவிட்டார்.

ரயில் கிளம்பியது. பெட்டி சீட்டுக்கு அடியில் அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தது. ஜகதாம்பாள் ஜன்னலோரம் சாய்ந்து, பல நாளுக்குப் பிறகு காலை நீட்டினாள். அப்போது டிக்கெட் பரிசோதகர் வந்து, டிக்கெட்டும் ஆதாரும் காட்டச் சொன்னார்.

கோவிந்தப்பா சட்டைப் பையைத் தொட்டார். கால்சட்டைப் பையைத் தொட்டார். அப்புறம் எதையும் தொடாமல் உட்கார்ந்தார். சரக்குக்கான காகிதம் சரக்கோடு உள்ளே. முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகவே டிக்கெட்டையும் ஆதார் அட்டைகளையும் உறையில் போட்டு, குழவிக்குப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் அடியில் செருகியிருந்தது.

ஜகதாம்பாள் அவரைப் பார்த்தாள்.

"பெட்டிக்குள்ள குழவிகிட்ட யாராச்சும் ஆதார் கேட்டாங்களா?" என்றாள்.

காகிதம் காட்டாவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்றார் பரிசோதகர். இறங்கினால் மறு டிக்கெட்டுக்கு வழியில்லை; விஜிக்கு நாள் நெருங்கிவிட்டது. கோவிந்தப்பா பெட்டியை வெளியே இழுத்து, தன் கையால் போட்ட பட்டையைத் தன் கையாலேயே அறுத்தார்.

மூடி மேலே போய் நடுப்படுக்கையில் முட்டியது. சேலைகள் கிளம்பி மின்விசிறி வரைக்கும் போயின. குக்கர் வந்தது, குக்கருக்குள்ளிருந்து மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பரிசோதகர் ஒரு அடி பின்னால் வைத்தார். பூண்டு உருண்டோடியது. அவர் இன்னும் நகர்ந்தார். வீடு வெளியே வர வர அவர் பின்வாங்கி, கடைசியில் காகிதம் கைக்கு வந்தபோது அடுத்த ரயில்பெட்டிக்கே போய்விட்டிருந்தார். அங்கேயே வாங்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையசைத்துவிட்டு, திரும்பி வராமல் அப்படியே போனார்.

எல்லாம் சரிதான், பெட்டி மூடவில்லை. அதை மூட அன்னம்மாள் வேண்டும். அன்னம்மாள் அல்சூரில் இருந்தாள். திறந்த பெட்டியோடும் இறைந்து கிடந்த சாமானோடும் கௌஹாத்தியில் எப்படி இறங்குவது, வீட்டில் பாதியாவது போய்ச் சேருமா என்று ஜகதாம்பாள் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த ரயில்பெட்டி முழுக்க ஊருக்குத் திரும்பும் அஸ்ஸாம் பையன்கள். ஓட்டலில், கட்டடத்தில், கம்பெனி வாசலில் வேலை செய்கிறவர்கள். தாய்வீட்டை விட்டு ஆண்டுக்கணக்காக இருக்கிறவர்கள் என்பதால், அந்தத் தகரப்பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களில் பிதுல் என்கிறவன் பொம்மசந்திராவில் பக்கத்து ஷெட்டில் வெல்டிங் செய்தவன், தமிழ் தெரியும்.

"அழாத ஆண்ட்டி. ஆளுக்கு ஒண்ணு நாங்க எடுத்துக்கறோம்," என்றான்.

எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் தோரணத்தைக் கதவுக்கு மேல் கட்டினான், கசங்கக் கூடாதே என்று. உடைந்த கண்ணாடியில் காலையில் எல்லோரும் தலை சீவினார்கள். யாரோ ஒரு பெண்ணின் கைக்குழந்தை தூங்காமல் அழ, விஜியின் சேலை இரண்டு படுக்கைக்கு நடுவே தூளியாயிற்று. விஜயவாடா தாண்டியதும் கோவிந்தப்பா இட்லிக்கட்டைப் பிரித்துத் தண்ணீர் தெளித்தார். எல்லாம் எழுந்து உட்கார்ந்தன. ரயில்பெட்டி முழுக்கச் சாப்பிட்டது. ஒடிசாவில் ஏறியவர்கள் இது ரயிலா வீடா என்று தெரியாமல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏறினார்கள்.

கௌஹாத்தியில் சீனு ஒரு ஆட்டோவோடு காத்திருந்தான். அவன் முன்னால் ஊர்வலம் வந்தது. முன்னே பிதுல் கைக்குழந்தையைப் போலக் குழவியை ஏந்திக்கொண்டு, பின்னால் குக்கர், சேலைகள், கண்ணாடி, கருப்பட்டி, ஆளுக்கொன்றாக. வீடு வரைக்கும் வந்து, ஜகதாம்பாள் சொன்ன இடத்தில் சொன்னதை வைத்தார்கள். தோரணம் நிலையில் ஏறியது. சுக்குத் தண்ணீர் கொதித்தது. பையன்கள் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் தத்தம் வீட்டுக்கு ஓடினார்கள்.

கட்டிலில் படுத்தபடி விஜி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தப்பா பாட்டிலை எடுத்து, அவள் முகத்தருகே மூடியைத் திருகினார். மல்லிகை வந்தது. போண்டா வந்தது. விபூதி வந்தது. விஜியின் மூக்கு சுருங்கியது.

"அப்பா," என்றாள். "ஏரி நாறுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஜகதாம்பாள் அவளைக் கைத்தாங்கலாக எழுப்பி, வாசலுக்கு வெளியே ஒரு அடி கூட்டிப் போய், திருப்பி நிறுத்தினாள்.

"வலது காலை வெச்சு உள்ள வாடி. தாய்வூட்டுக்கு வந்துட்ட."

விஜி வந்தாள். பெண் குழந்தை, சுகப்பிரசவம். அழுகைச் சத்தம் அல்சூரில் அன்னம்மாள் காதில் விழுந்ததாம், போன் வருவதற்கு முன்பே.

தகரப்பெட்டி பத்திரமாகத் திரும்பி வந்தது. அன்னம்மாள் சொன்னபடியே எண்ணிப் பார்த்தாள்; பாச்சை உருண்டையில் ஒன்று குறைந்தது. சத்தியம் பண்ணும்போது கோவிந்தப்பாவின் உள்ளங்கையில் இருந்தது அதுதான்.