பக்கத்து இருக்கை பிரேக்

அந்தச் சாம்பல் நிறக் காருக்கு இரண்டு பிரேக்குகள் இருந்தன. ஒன்று எல்லாக் கார்களிலும் இருப்பதுபோல ஓட்டுபவரின் காலடியில். மற்றது பக்கத்து இருக்கையின் காலடியில். அதற்குப் பெடல் கிடையாது. கார்ப்பெட்டில் ஒரு குதிகால் அழுத்தி அழுத்தி உண்டாக்கிய வழுக்கை மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு. வளைவில் வேகமாகத் திரும்பினால் அது தானாக வேலை செய்தது. பழைய கார் கடையின் முதலாளி இதை அறியாமல், உள்ளே சின்னச் சின்ன அழகுக் குறைகள்தான் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டார். கதவில் ஒரு கீறல், கியர் குமிழில் நிறம் போயிருந்தது, கார்ப்பெட்டில் இந்தத் தேய்மானம். மூன்றையும் சரிசெய்வது டச்சப்பின் வேலை.

டச்சப் என்பது, பழைய கார்களின் உட்புறத்தைப் புதிதுபோல் ஆக்குபவனுக்குக் கடையில் வைத்த பெயர். சிகரெட் சுட்ட சீட்டையும் நாய் கடித்த கைப்பிடியையும், முன்பு ஒரு குடும்பம் அதில் போய்வந்ததே தெரியாதபடி ஆக்கிவிடுவான். இந்தக் கார் அவனுடையதாக இருந்தது. வழுக்கை அவன் மனைவியுடையது. அவன் ஓட்டும்போதெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வலது காலை ஊன்றி அழுத்துவாள். "அங்க பிரேக் இல்லம்மா" என்பான். "உங்க பக்கம் இருக்கறத நீங்க மிதிச்சா நான் ஏன் இங்க தேடறேன்?" என்பாள். அவன் கேட்டைத் தாண்டி வண்டியைத் திருப்பும் அழகுக்குப் பயந்து, கடைக்கு வந்தால் தெருவிலேயே இறங்கி நடந்து வருவாள். அவள் இறந்தது காரில் அல்ல; ஆஸ்பத்திரிக் கட்டிலில், யாரும் எங்கேயும் வேகமாகப் போகாத ஓர் அறையில். அதன்பின் வண்டியை விற்றுவிடலாமா என்று அக்கா கேட்டபோது சுவரைப் பார்த்தான். அக்கா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, தெரிந்த இடமாயிற்றே என்று அவன் வேலை செய்த கடையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவன் வேலையை ஒழுங்காகச் செய்தான். தேய்ந்த இடத்தை வட்டமாக வெட்டி எடுத்தான். சீட்டுக்கு அடியில், யார் கண்ணும் படாத இடத்தில், அதே அளவு கார்ப்பெட்டை வெட்டி இங்கே ஒட்டி, இழைகளைப் பிரஷ்ஷால் சீவிவிட்டான். ஒட்டு அவன் கண்ணுக்கே தெரியவில்லை. மறுநாள் காலையில் அந்த இடம் மறுபடி வழுக்கையாக இருந்தது. மறுபடி வெட்டினான், ஒட்டினான். மறுபடி தேய்ந்தது. வாங்கிப்போனவர்கள், வளைவில் தானாக நிற்கிறது என்று, ஒவ்வொருவராக வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பிரேக்ல கோளாறு இல்லண்ணே. யாரோ மிதிக்கறாங்க, அவ்வளவுதான்" என்றார். யார் என்று முதலாளி கேட்கவில்லை. எல்லோரும் டச்சப்பைப் பார்த்தார்கள். அவன் பசை டப்பாவை மூடிக்கொண்டிருந்தான்.

இதற்குள் தவறு நடந்துவிட்டிருந்தது. வெட்டிய துண்டை யாரும் எறிவதில்லை. நடுவில் தேய்ந்திருந்தாலும் ஓரத்தில் நல்ல இழை இருக்கும். நிறம் பார்த்துப் பையில் போட்டுவைத்தால் இன்னொரு காரின் ஓட்டையை அடைக்க ஆகும். அவன் கை பழக்கத்தில் அப்படியே செய்திருந்தது. அந்தத் துண்டுகள் புதுமணத் தம்பதி வாங்கிய சிவப்புக் காருக்கும், ஒரு பல் டாக்டரின் காருக்கும், ஒரு டாக்சிக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. மூன்றும் வளைவுகளில் பதமாக நின்று நின்று போகத் தொடங்கின. பல் டாக்டர் எங்கும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை என்று சத்தம் போட்டார். முதலாளி டச்சப்பை அழைத்து, எல்லாத் துண்டுகளையும் பிடுங்கி வந்து எரிக்கச் சொன்னார். "உன் மனசு எனக்குப் புரியுதுப்பா. ஆனா நான் கடை நடத்தணுமா இல்லையா?"

புதுமணத் தம்பதி கொடுத்துவிட்டார்கள். பல் டாக்டர் தானே கிள்ளி எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். டாக்சிக்காரனின் அம்மாதான் வாசலை மறித்து நின்றாள். "அதத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன். இவன் வண்டில நான் கண்ணத் தொறந்துக்கிட்டுப் போறதே இப்பதான்!" டச்சப், மனைவி போனபின் முதல் தடவையாக, சிரித்தான்.

கடைக்குப் பின்னால் தகர டிரம்மில் நெருப்பு தயாராக இருந்தது.

"போடு" என்றார் முதலாளி.

"மாட்டேண்ணே."

"என்னது?"

"இத்தன வருஷமா எவ்வளவு பேர் இருந்த தடத்த அழிச்சேன், ஒருத்தரையும் ஒரு வார்த்த கேக்கல. இது பழுது இல்லண்ணே. இங்க ஒருத்தி உக்காந்திருக்கா."

"அப்ப நீ வேற வேல பாத்துக்க."

"பாத்துக்கறேன். அந்த வண்டிச் சாவியக் குடுங்க."

"எவனும் வாங்காத வண்டி. எடுத்துத் தொல!" சாவி அவன் மார்பில் பட்டு விழுந்தது.

அவன் அங்கேயே, முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, காரின் தரையில் மண்டியிட்டான். தான் கடைசியாக ஒட்டிய துண்டைப் பிய்த்து எறிந்தான். பழைய துண்டுகளை, வழுக்கை மேலே தெரியும்படி, ஒன்றோடொன்று இழை பிசகாமல் பொருத்தினான். அவன் செய்ததிலேயே மிகச் சுத்தமான வேலை அதுதான் என்று மெக்கானிக் பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்சியில் இருந்ததை அந்த அம்மாவிடமே விட்டுவிட்டான்.

வீட்டு வாசலில் கார் வந்து நின்றதும் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "இதுல இனிமே நான் எங்கடா உக்கார்றது?"

"பின்னாடி."

"ஊர் சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும். மெதுவாத்தான போறோம், நல்லாவே கேக்கும்."

ஊர் ஒரு மழைக்காலம் வரை சிரித்தது. பிறகு அவனுடைய காரைப் பார்த்துத் தெருவில் மற்ற வண்டிகளும் வளைவில் நிதானிக்கப் பழகின. அவன் பெட்ரோல் பங்குக்கு எதிரே சொந்தமாக ஒரு கடை போட்டான். எதையும் அழிப்பதற்கு முன், இது யாருடையது என்று கேட்டான். சிலர் யோசித்துவிட்டு, வேண்டாம், இருக்கட்டும் என்று திரும்பிப் போனார்கள். அதனால் அவனுக்குத் தொழில் குறைவுதான். அக்கா பின் இருக்கைக்குப் பழகிப்போய், வளைவு வரும்போது முன்பக்கம் எட்டி, "அவன் பாக்கலம்மா, நீ மிதி" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள்.

காலம் கடந்து வண்டி தகுதிச் சோதனைக்குப் போனது. சோதனை அதிகாரி யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காதவர். தானே ஓட்டினார், பின் இருக்கையில் அவன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வளைவில் வண்டி தானாக வேகம் குறைந்தது. அவர் சுற்றிவந்து, இன்னும் வேகமாக அதே வளைவில் திருப்பினார். இம்முறை வண்டி ஒரேயடியாக நின்று எஞ்சின் அணைந்தது. அவர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். கீழே கார்ப்பெட்டைப் பார்த்தார்.

"இந்த சீட்டுல யாரையாவது ஏத்துறீங்களா?"

"இல்ல சார்."

"ஏத்தாதீங்க. அஞ்சு பேர் ஏறலாம்னு பதிஞ்சிருக்கு, அது தப்பு." நான்கு என்று திருத்தி, முத்திரை குத்தி, அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.