ஓஜாஜியின் பூஜ்யச் சான்று

மொழியைக் காப்பவன் கடவுளுக்கு அடுத்தபடி என்று எங்கள் இந்தித் துறைத் தலைவர் டாக்டர் பிரஜ்கிஷோர் ஓஜா ஒவ்வொரு செப்டம்பர் பதினான்காம் தேதியும் இந்தி தின மேடையில் முழங்குவார். முழங்கிய வாயோடு பின்னால் போய், சரஸ்வதி படம் மாட்டிய சுவரின் மூலையிலேயே பான் எச்சிலைத் துப்புவார்.

அவருடைய அறுநூறு பக்க ஆராய்ச்சி நூல் பழைய கிருதிதேவ் எழுத்துருவில் இருந்தது. திரையில் பார்த்தால் இந்தி. கணினியின் கண்ணுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அதனால் எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருள் ஐந்து வருடங்களுக்கு முன் அதை மேய்ந்துவிட்டு, 'பிற நூல்களோடு ஒப்புமை: பூஜ்யம்' என்று சான்று கொடுத்தது. அதற்குச் சட்டம் போட்டு, சந்தனப் பொட்டும் வைத்து, தன் நாற்காலிக்கு மேல் மாட்டியிருந்தார் ஓஜாஜி.

இந்த இந்தி தினத்துக்குள் துறையின் நூல்களெல்லாம் யூனிகோடில் வலையேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாற்றும் வேலை ஒப்பந்தத் தட்டச்சரான என் தலையில் விழுந்தது. என் ஒப்பந்த நீட்டிப்புத் தாள் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்ததால் உடனே ஒப்புக்கொண்டேன். எழுத்துருவை மாற்றும் கருவி கக்கியதில் இடம்மாறிக் கிடந்த இகரக் குறிகளையும் உடைந்த கூட்டெழுத்துகளையும் மூன்று வாரம் பொறுக்கினேன். பிறகு விதிப்படி நூலகர் முர்தஸா பாய் திருட்டைப் பிடிக்கும் மென்பொருளில் மறுபடி சோதித்தார்.

"மாண்டவி, இங்க வந்து பாரு. எண்பத்தொம்பது சதவீதம்."

"எது பாய், சொந்தமா?"

"சொந்தமாவது, மண்ணாவது! காப்பி. நன்றியுரையில 'என் மனைவி கல்யாணி'ன்னு இருக்கு. ஓஜாஜி சம்சாரம் பேரு சுமித்ரா."

"அப்ப கல்யாணி யாரு?"

"முதல்ல எழுதின ராஞ்சிக்காரனோட சம்சாரம். அதைக்கூட மாத்தல, மனுஷன்!"

மூன்று வாரமாக யாரோ சாப்பிட்ட இலையை வழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அறிக்கையைப் படித்தபோது ஓஜாஜியின் தாடை மட்டும்தான் அசைந்தது, பானுக்காக.

"இது மாத்தினதுல வந்த கோளாறும்மா."

"எண்பத்தொம்பது சதவீதமுமா குருஜி?"

"யூனிகோடு வெள்ளைக்காரன் சரக்கு. நம்ம மொழியோட ஆத்மா அதுக்குப் பிடிபடாது. பழைய எழுத்துக்கே மாத்தி வலையில ஏத்திடு." என் தாளை இழுத்து அதன்மேல் பான் டப்பாவை வைத்தார். "பதினாலாம் தேதிக்குள்ள முடிஞ்சுடுமில்ல?"

திரும்ப மாற்ற நான்கு நிமிடம் ஆனது. முர்தஸா பாய் புதிய சான்றை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார்: பூஜ்யம். என் தாளிலும் கையெழுத்து விழுந்தது, பக்கத்திலேயே ஒரு செங்காவிக் கறையோடு.

படியிறங்கும்போது பாய் கேட்டார்: "அடுத்து பழைய ஆய்வேடுகளையும் மாத்தணுமாம். உன்னோட எம்.ஃபில். எங்க இருக்கு?"

"அது கிருதிதேவ்லயே இருக்கட்டும் பாய்."

அதன் முதல் இரண்டு அத்தியாயங்களை நான் எழுதவில்லை.